தோட்டக்காரர் பார்க்க வேண்டிய கடன் கணக்கு

இங்கிலாந்தில் ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் ஒரு சிறிய தோட்ட நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். புல் வெட்டுவது, வேலிச்செடி கத்தரிப்பது, வீட்டு முன்றிலில் கல் பாவுவது, இலையுதிர் காலத்தில் பூங்கிழங்கு ஊன்றுவது ஆகியவை அதன் அன்றாட வேலைகள். இந்த நிறுவனம் ஊர்ப் பூங்காவைப் பராமரிக்கும் ஒப்பந்தத்துக்கோ, பெரிய கட்டுமான நிறுவனத்தின் துணை ஒப்பந்தத்துக்கோ விண்ணப்பித்தால், காப்பீட்டுச் சான்றோடும் பூச்சிமருந்து தெளிக்கும் தகுதிச் சான்றோடும் இன்னொரு தாளையும் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நவீன அடிமைமுறை தம் நிறுவனத்திலும் தமக்குப் பொருள் தருபவர்களிடத்திலும் நுழையாமல் தடுக்க என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லும் தாள் அது. அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதே இங்கு விளக்க எடுத்துக்கொண்ட பொருள். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அடிமையைத் தேடிப் போகிறவருக்கு அடிமை கண்ணில் படுவது அரிது. கடனைத் தேடிப் போகிறவருக்குப் படுவார். ஏன் அப்படி என்பதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம். பிரிட்டனின் நவீன அடிமைமுறைச் சட்டம் 2015 மார்ச் 26 அன்று அரச ஒப்புதல் பெற்றது. அதற்கு இரண்டு முகங்கள். ஒன்று தண்டனை முகம்: ஒருவரை அடிமையாகவோ கட்டாய உழைப்பிலோ வைத்திருந்தால் ஆயுள் சிறைவரை கிடைக்கும். மற்றொன்று அறிக்கை முகம். ஆண்டு விற்றுமுதல் 3 கோடியே 60 லட்சம் பவுண்டு அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள், தம் வணிகத்திலும் வழங்கல் தொடரிலும் அடிமைமுறை இல்லாதிருக்க எடுத்த நடவடிக்கைகளை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்கிறது 54-ஆம் பிரிவு. இயக்குநர் குழு ஒப்புதல் தர வேண்டும். இயக்குநர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 'நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை' என்று எழுதி வெளியிட்டாலும் அந்தப் பிரிவு நிறைவேறிவிடும். சொல்வது கட்டாயம், செய்வது கட்டாயமில்லை.

நம் சிறிய தோட்ட நிறுவனம் அந்த வரம்புக்குள் வரவே வராது. ஆனால் வரம்புக்குள் வரும் பெரிய நிறுவனம் தன் ஒப்பந்தக்காரர்களிடம் கேட்கிறது, அவர்கள் தம் துணை ஒப்பந்தக்காரர்களிடம் கேட்கிறார்கள். மேலிருந்து கேள்வி இறங்கி வருகிறது. கீழிருந்து தாள் ஏறிப் போகிறது. ஏறிப் போகும் தாள்களில் பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. அடிமைமுறையை அறவே சகித்துக்கொள்வதில்லை என்ற வாக்கியம் எல்லாவற்றிலும் இருக்கும். சகித்துக்கொள்கிறோம் என்று யார்தான் எழுதிக் கொடுப்பார்?

இனி, தடுக்க வேண்டியது எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1930-இல் நிறைவேற்றிய 29-ஆம் உடன்படிக்கை, கட்டாய உழைப்புக்கு இரண்டு அடையாளங்களை வைத்தது. தண்டனை வரும் என்ற அச்சத்தின் பேரில் வாங்கப்படும் வேலையாக அது இருக்க வேண்டும். மனமுவந்து முன்வராதவரிடமிருந்து வாங்கப்படுவதாகவும் இருக்க வேண்டும். இங்கே தண்டனை என்பதைச் சாட்டை என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது. மூன்று மாதக் கூலி கைக்கு வராமல் நிற்பது தண்டனை. கடவுச்சீட்டு இன்னொருவர் மேசை அறையில் இருப்பது தண்டனை. போலீசிடம் பிடித்துக் கொடுப்பேன் என்று விசா இல்லாதவரிடம் சொல்வது தண்டனை. இசைவும் அப்படித்தான். தொடக்கத்தில் மனமுவந்து வந்தவர் இன்று போக நினைத்தால் போக முடியுமா என்பதே கேள்வி. நுழையும்போது இருந்த இசைவு, வெளியேற முடியாத நாளில் செல்லாது. 2021-ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் நவீன அடிமைநிலையில் இருந்தார்கள் என்று அந்த அமைப்பும் அதன் கூட்டாளிகளும் 2022-இல் மதிப்பிட்டார்கள். அவர்களில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தவர்கள். மற்றவர்கள் கட்டாயத் திருமணத்தில் சிக்கியவர்கள்.

வரலாற்றையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பகுதியில் மனிதரை உடைமையாக வைத்திருப்பதை ஒழித்த சட்டம் 1833-இல் வந்தது. அதற்காக ஒதுக்கப்பட்ட 2 கோடி பவுண்டு இழப்பீடு உடைமையாளர்களுக்குப் போனது. விடுதலை பெற்றவர்களுக்கு அதில் ஒரு காசும் இல்லை. சட்டம் நடைமுறைக்கு வந்த 1834-இலேயே மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளின் பயணமும் தொடங்கிவிட்டது. பின்னாளில் போனவர்களில் நம்மவர்கள் ஏராளம். உடைமைப் பத்திரம் போன இடத்தில் ஒப்பந்தமும் முன்பணமும் வந்து உட்கார்ந்தன. இன்று 'அடிமை' என்றதும் சங்கிலியைக் கற்பனை செய்துகொள்கிறவர் 1833-க்கு முந்தைய உலகில் தேடிக்கொண்டிருக்கிறார்.

சங்கிலி இல்லாத அடிமைநிலை எப்படியிருக்கும் என்பதற்குத் தோட்டத் தொழிலுக்கு மிக அருகிலேயே சான்று இருக்கிறது. லிங்கன்ஷையரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 11 பேர் 2017-இல் தண்டிக்கப்பட்டார்கள். அவர்கள் செய்த தொழில், வீடுகளின் முன் கார் நிறுத்துமிடத்துக்குத் தார் போடுவதும் கல் பாவுவதும். அதற்கு ஆள் சேர்த்த விதம் இது: வீடற்றவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோரைத் தெருவிலும் விடுதி வாசலிலும் அணுகி, வேலையும் சாப்பாடும் தங்க இடமும் தருவதாகச் சொல்லி அழைத்துப் போனார்கள். கொடுத்த இடம் பழைய கேரவன் வண்டிகள். சிலவற்றில் தண்ணீரும் இல்லை, கழிப்பறையும் இல்லை. ஒருவர் 26 ஆண்டுகள் அப்படி உழைத்திருந்தார். அதற்கு முன்பே, 2011 செப்டம்பரில், பெட்ஃபர்ட்ஷையரில் ஒரு கேரவன் முகாமிலிருந்து 24 ஆண்களைப் போலீஸ் மீட்டது. அங்கும் கல் பாவும் வேலைதான்.

இந்த வழக்குகளை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் அவற்றின் கொடுமை மட்டுமன்று. அந்த வேலை பட்டப்பகலில், குடியிருப்புத் தெருவில், வாடிக்கையாளரின் சன்னலுக்கு நேர் எதிரே நடந்தது. வேலை முடிய இரண்டு மூன்று நாளாகும். அத்தனை நாளும் அந்த ஆட்கள் மண்டியிட்டுக் கல் அடுக்கினார்கள். அவர்களில் பலர் பிரிட்டிஷ்காரர்கள், உள்ளூர் மொழி பேசுகிறவர்கள். ஓடிப்போய்ச் சொல்ல வாயிருந்தது, காலும் இருந்தது. ஆனால் போக இடமில்லை, கையில் காசில்லை, போனால் அடி விழும் என்ற அச்சம் இருந்தது. வாடிக்கையாளர் கண்டது மலிவான விலையையும் பேசாத வேலையாட்களையும்தான். இரண்டும் அவருக்கு வசதியாகவே இருந்தன. ஆகவே நம் தோட்ட நிறுவனம், அடிமைமுறை என்பது தொலைதூர நாட்டின் சுரங்கத்தில் மட்டும் நடப்பது என்று எண்ணித் தன் தாளை எழுதத் தொடங்கினால், முதல் வரியிலேயே தவறிவிடும். தேடலைத் தன் வேனிலிருந்து தொடங்க வேண்டும்.

வேனில் யார் ஏறுகிறார்கள்? நிரந்தர ஆட்கள் மூவர் என்றால், வசந்த காலத்து நெரிசலில் மேலும் நால்வர் வேண்டியிருக்கும். அவர்களை ஓர் ஆள் ஏஜென்சியோ, தெரிந்த மேஸ்திரி ஒருவரோ அனுப்பிவைப்பார். இந்த இடத்தில்தான் சிறு முதலாளியின் பார்வை மங்குகிறது. ஆள் வந்தால் போதும் என்றிருப்பார். 2019-இல் வெஸ்ட் மிட்லண்ட்ஸில் தீர்ப்பு வந்த ஒரு பெரிய வழக்கில், போலந்திலிருந்து 400-க்கும் மேற்பட்டவர்களை ஒரு கும்பல் அழைத்துவந்து பண்ணைகளிலும் குப்பை மறுசுழற்சி நிலையங்களிலும் வேலைக்கு விட்டிருந்தது தெரியவந்தது. கூலி ஒழுங்காக வங்கிக் கணக்குக்கே போனது. ஆனால் அந்தக் கணக்குகள் கும்பலின் கையில் இருந்தன. ஊதியச் சீட்டைப் பார்த்த தணிக்கையாளருக்கு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கும்.

எனவே பார்க்க வேண்டியவை எளியவை. ஆனால் அவற்றைத் தாளில் பார்க்க முடியாது. இரண்டு ஆட்களின் கூலி ஒரே கணக்குக்குப் போகிறதா? எல்லோருக்கும் ஒரே முகவரியா? கேட்ட கேள்விக்குத் தொழிலாளி வாய் திறக்குமுன் மேஸ்திரி பதில் சொல்கிறாரா? மழைக்காலத்தில் மேலங்கி இல்லாமல் வருகிறாரா? ஊதியத்தில் வேன் பயணத்துக்கு இவ்வளவு, அறைக்கு இவ்வளவு, கையுறைக்கு இவ்வளவு என்று பிடித்தம் உண்டா? பிரிட்டனின் குறைந்தபட்ச ஊதிய விதிப்படி, தங்குமிடத்தின் பேரில் கணக்கில் எடுக்கக்கூடிய தொகைக்கு நாள் உச்சவரம்பு உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இத்தகைய அறிகுறிகளைப் பதினொன்றாக வகுத்திருக்கிறது. ஏமாற்று, தனிமைப்படுத்தல், அடையாள ஆவணங்களைப் பிடித்துவைத்தல், கூலியை நிறுத்திவைத்தல் ஆகியவை அவற்றுள் சில. பதினொன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவற்றுள் ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றவை அதன் பின்னால் வரிசையாக வந்துவிடும். அதுதான் கடன்.

கடனைப் பற்றித் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணி, ஊரிலேயே முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனார். பயணச் செலவு, வழிச் சாப்பாடு, கம்பளி எல்லாம் தொழிலாளியின் பேரில் பற்றாக ஏறின. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கட்டிவிட்டால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் பழைய கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ளும். அந்தக் கடன் புதிய கணக்கில் ஏறும். ஆள் மாறினாலும் கடன் மாறாது. காகிதத்தில் பார்த்தால் யாரும் யாரையும் விற்கவில்லை, வாங்கவுமில்லை. 1921-இல்தான் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது.

இப்போது இதை இன்றைய பிரிட்டிஷ் தோட்டக்கலையோடு பொருத்திப் பாருங்கள். பழம், காய்கறி பறிக்க ஆள் போதாமல், 2019-இல் 2,500 பேருக்குச் சோதனை முறையில் பருவகாலத் தொழிலாளர் விசா தொடங்கப்பட்டது. பின்னர் அது பலமடங்கு பெருகியது. டாஃபடில் முதலான பூச்சாகுபடிக்கும் விரிந்தது. தங்கக்கூடிய காலம் ஆறு மாதம். வேலை தேடித் தருவதற்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவதைப் பிரிட்டிஷ் சட்டம் தடுக்கிறது. ஆனால் நேபாளத்திலும் இந்தோனேசியாவிலும் உள்ளூர்த் தரகர் வாங்கும் பணத்துக்குப் பிரிட்டிஷ் சட்டத்தின் கை எட்டுவதில்லை. ஆறு மாதச் சம்பாத்தியத்தை நம்பி வட்டிக்கு வாங்கி வந்தவர், முதல் மூன்று மாதமும் கடனுக்காகவே குனிந்து பறிக்கிறார். அவரிடம் மேற்பார்வையாளர் அநியாயமாக நடந்தால் அவர் ஏன் புகார் செய்வதில்லை என்று வியக்கிறவர்கள், அவர் ஊரில் அடகு வைத்துவிட்டு வந்த நிலத்தை மறந்துவிடுகிறார்கள். பண்ணை முதலாளி நல்லவராகவே இருக்கலாம். கடன் அங்கே இல்லை. ஆனால் அதன் பிடி அங்கேதான் வேலை செய்கிறது.

இந்த இடத்தில் இந்தியச் சட்டம் பிரிட்டிஷ் சட்டத்தைவிடக் கூர்மையானது என்பது என் கணிப்பு. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், முன்பணம் என்பதை முதலிலேயே வரையறுத்துவிட்டு, அதன் விளைவாக ஒருவர் எவற்றை இழக்கிறார் என்று பார்க்கிறது. நியாயமான கூலியை இழக்கலாம். வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழக்கலாம். நாட்டில் விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமையை இழக்கலாம். தன் பொருளையோ உழைப்பின் விளைவையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழக்கலாம். முன்பணத்தின் பேரில் இவற்றுள் ஒன்று போயிருந்தாலும் அது கொத்தடிமை. அடி, உதை, பூட்டு எதுவும் தேவையில்லை. அந்தக் கடன் சட்டப்படி அழிந்துவிடுகிறது. அதற்காகப் பின்னர் ஒரு ரூபாய் வாங்குவதும் குற்றம். இது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவர் மேலேயே விழுகிறது. 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்தால், பசியும் வறுமையுமே அவரைக் கட்டாயப்படுத்துகின்றன. ஆகவே அது அரசமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றது. இத்தனை நல்ல சட்டம் இருந்தும் செங்கல் சூளைகளிலும் கல் குவாரிகளிலும் மர வெட்டிலும் இருளர் குடும்பங்கள் இன்றும் மீட்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன. சட்டத்தின் கூர்மையும் நடைமுறையின் மழுங்கலும் வேறு வேறு.

வேனைத் தாண்டி இனி வேனில் ஏறும் பொருள்களுக்கு வருவோம். அவற்றுள் நான் நெடுநேரம் நிற்க விரும்புவது கல்லில்.

பிரிட்டிஷ் முற்றங்களில் இந்திய மணற்கல் மிகப் பரவலாகப் பாவப்படுகிறது. அதில் பெரும்பங்கு ராஜஸ்தானின் கோட்டா, பூந்தி வட்டாரத்திலிருந்து வருகிறது. பூந்தி மாவட்டத்தில் புத்புரா என்ற ஊரைச் சுற்றிக் குவாரிகள். பெரிய பலகைக் கற்களை எடுத்தபின் எஞ்சும் கழிவுக்கல் மலைமலையாகக் குவிந்து கிடக்கும். அந்தக் கழிவை உளியும் சுத்தியும் கொண்டு கைப்பிடிக்குள் அடங்கும் கட்டைக்கற்களாக உடைப்பது வீட்டு வாசல்களில் நடக்கும் வேலை. எண்ணிக்கைக்குக் கூலி. எண்ணிக்கைக் கூலி என்றாலே வீட்டிலுள்ள எல்லாக் கைகளும் வேலைக்கு வந்துவிடும். பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து உடைப்பதை ஆய்வாளர்கள் 2005 முதல் எழுதிவருகிறார்கள். குவாரிக்குள் போகும் ஆணுக்கு ஒப்பந்தக்காரர் முன்பணம் தருகிறார். கல்யாணம், காய்ச்சல் என்று அது ஏறுகிறது. உலர்கல் உடைக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வருகிறது, அதற்கு மருத்துவமில்லை. அவர் படுத்ததும் கடன் மனைவியின் பேருக்கோ மகனின் பேருக்கோ நகர்கிறது. நோயும் கடனும் சேர்ந்து அடுத்த ஆளை எடுத்துக்கொள்கின்றன. இந்த நோய்க்கென்றே ராஜஸ்தான் அரசு 2019-இல் தனிக் கொள்கை வகுக்க வேண்டியிருந்தது.

அதே கல் இங்கிலாந்தில் ஒரு வீட்டு முற்றத்துக்கு வந்து சேருகிறது. ஓரத்துக்கு அளவாக அதை அறுக்க வேண்டும். தோட்ட நிறுவனத்தின் ஆள் முகமூடி மாட்டிக்கொள்கிறார். அறுக்கும் எந்திரத்தில் ஒரு குழாய் பொருத்தி, சுழலும் தகட்டின்மேல் தண்ணீர் விடுகிறார். தூள் பறக்காமல் சேறாக வழிகிறது. பிரிட்டனின் பணியிடச் சுகாதார விதிகள் அதைக் கேட்கின்றன. முதலாளியும் தவறாமல் செய்கிறார். கல்லின் ஒரு முனையில் அதன் தூளைப் பற்றி இவ்வளவு அறிந்திருப்பவர், மறுமுனையில் அதைத் தண்ணீரில்லாமல் உடைத்தவரைப் பற்றிக் கேட்கத் தகுதியில்லாதவரா? 'எந்தக் குவாரி? உடைத்தவர்களுக்கு நாட்கூலியா, எண்ணிக்கைக் கூலியா? முன்பணம் உண்டா? அது எந்தப் பேரேட்டில் இருக்கிறது?' என்று இறக்குமதியாளரிடம் கேட்கலாம். முதல் முறை பதில் வராது. பதில் வராததும் ஒரு தகவலே. குவாரியின் பெயரைக்கூடச் சொல்ல முடியாதவர், குழந்தை உழைப்பு இல்லை என்று சான்றிதழ் தருகிறார் என்றால் அந்தச் சான்றிதழின் மதிப்பை நீங்களே அளந்துகொள்ளலாம்.

அடுத்தது நமக்கு நெருக்கமான சரக்கு. சதுப்புநிலக் கரிமண்ணைத் தோண்டி எடுப்பது சூழலுக்குக் கேடு என்று பிரிட்டிஷ் தோட்டக்காரர்கள் அதைக் கைவிட்டுவருகிறார்கள். வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு அதை விற்பதைத் தடைசெய்யப் போவதாக இங்கிலாந்து அரசு 2022-இல் அறிவித்தது. அதற்கு மாற்றாக அவர்கள் வாங்கும் செடிமண் மூட்டைகளில் முக்கியமான கலவைப்பொருள் தென்னை நார்த்துகள். காயர் பித் என்று நம் வியாபாரிகள் சொல்வது. அது இலங்கையிலிருந்தும் பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்திலிருந்தும் போகிறது. மட்டையை அடித்து நாரைப் பிரித்தபின் விழும் துகளை உப்புப் போகக் கழுவி, களத்தில் காயவைத்து, ஐந்து கிலோக் கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதி செய்கிறார்கள். இந்த ஆலைகளில் வட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பலர் வேலை செய்கிறார்கள்.

பொள்ளாச்சியில் அடிமைமுறை நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. கல்லுக்குக் கேட்ட கேள்வியைத் துகளுக்கும் கேட்க வேண்டும் என்றே சொல்கிறேன். பிகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ ஓர் இளைஞரை அழைத்துவந்த ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுத்தது யார்? ரயில் கட்டணம் யார் கணக்கில்? வெளி மாநிலத் தொழிலாளர்களுக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தக்காரரே பயணப்படி தர வேண்டும், இடம்பெயர்வதற்காக மாதக் கூலியில் பாதிக்குக் குறையாத தொகையும் தர வேண்டும், அந்தத் தொகையைப் பின்னர் திரும்பக் கேட்கக் கூடாது என்று வகுத்திருந்தது. ஆலை முதலாளி பயணச் செலவைத் தாமே ஏற்று, அதைக் கூலியில் பிடிக்காமல் விட்டிருந்தால், அவருடைய பித் கட்டி பிரிட்டிஷ் வாங்குபவரின் எந்தக் கேள்விக்கும் நேராக நிற்கும். கேட்கப்படுவதை அவர் வரவேற்கவே செய்வார். மலிவாகக் கொடுக்கும் போட்டியாளரிடமிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்ட அவருக்கு அது ஒன்றே வழி.

மற்ற பொருள்களை விரைவாகக் கடக்கலாம். நெதர்லாந்துப் பூங்கிழங்குகளைப் பிரித்து அடுக்கும் கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர் பலருக்கு, வேலை தரும் ஏஜென்சியே வீடும் தருகிறது. வேலை போனால் வீடும் போகும். மருந்தடிக்கும்போது மாட்டும் ரப்பர் கையுறைகளில் பெரும்பங்கு மலேசியாவில் ஆவது. அந்தக் கதைக்குச் சற்றுப் பிறகு வருகிறேன்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் கழகம் 2011-இல் ஏற்றுக்கொண்ட வணிக நெறிகள் ஒரு நிறுவனத்தின் பொறுப்பை மூன்று நிலைகளாகப் பிரிக்கின்றன. தீங்கைத் தானே செய்வது. பிறர் செய்ய உடந்தையாவது. செய்பவரோடு வணிகத் தொடர்பில் மட்டும் இருப்பது. ராஜஸ்தான் கல்லைப் பொறுத்தவரை நம் தோட்ட முதலாளி மூன்றாம் நிலையில்தான் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். ஆனால் கடைசி நேரத்தில் அளவை மாற்றி, அதே தேதிக்குள் சரக்கு வேண்டும் என்று நெருக்கினால், விலையைக் குறைத்தால்தான் வாங்குவேன் என்றால், சரக்கு வந்து 90 நாள் கழித்துப் பணம் கொடுத்தால், அவர் இரண்டாம் நிலைக்கு நகர்ந்துவிடுகிறார். அவர் தாமதித்த பணத்துக்காக நடுவிலிருப்பவர் கடன் வாங்குகிறார். அவர் தம் கீழிருப்பவரின் கூலியை நிறுத்துகிறார். அடிமைமுறைத் தடுப்புக் கொள்கை எழுதும் பலர் தம் கொள்முதல் விலையையும் பணம் கொடுக்கும் நாளையும் பற்றி அதில் ஒரு சொல்லும் எழுதுவதில்லை. என் பார்வையில் அந்தத் தாளின் பெரிய ஓட்டை அதுவே.

கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது? பெரும்பாலோர் முதலில் நினைப்பது உறவை உடனே துண்டிப்பதை. தம் பெயர் கெடாமல் இருக்க அது உதவும். கடனில் இருப்பவருக்கு உதவாது. வாங்குபவர் போனபின் தொழிலாளியின் கடன் அப்படியே இருக்கும், வேலை மட்டும் இருக்காது. ஆபத்தில் இருப்பவர் பிரிட்டனுக்குள் இருந்தால், முதலாளி தாமே துப்பறியவும் கூடாது, மேஸ்திரியை எதிர்கொள்ளவும் கூடாது. அப்படிச் செய்தால் அந்த ஆள் அன்றிரவே வேறு ஊருக்கு மாற்றப்படலாம். போலீசுக்கோ நவீன அடிமைமுறை உதவித் தொலைபேசிக்கோ சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவரை, அத்தகையோரை அடையாளம் கண்டு உதவ 2009 முதல் இயங்கும் தேசியப் பரிந்துரை முறைக்குள் கொண்டுபோகும் அதிகாரம் போலீஸ், உள்ளாட்சி, சால்வேஷன் ஆர்மி போன்ற குறிப்பிட்ட அமைப்புகளுக்கே உண்டு. வயதுவந்தவர் என்றால் அவருடைய இசைவும் வேண்டும். இசைவு மறுக்கப்பட்டவரை மீட்கிறோம் என்று சொல்லி மறுபடியும் இசைவில்லாமல் நடத்தக் கூடாது என்பதே அதன் நியாயம். இந்தியாவிலானால் மாவட்ட நிர்வாகம் விசாரித்துக் கொத்தடிமை விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். கடன் ஒழிந்தது என்பதற்குத் தொழிலாளியின் கையில் இருக்கும் ஆதாரம் அதுவே.

முன்பு நிறுத்திவைத்த மலேசியக் கதை இங்கே பொருந்தும். உலகின் மிகப் பெரிய ரப்பர் கையுறை உற்பத்தியாளரான டாப் குளோவ் நிறுவனத்தில், வங்கதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் தரகர்களுக்குக் கொடுத்த பணத்தால் கடனில் கிடந்தார்கள். அமெரிக்கச் சுங்கத்துறை 2020-இல் அதன் சரக்கைத் தடுக்கத் தொடங்கியது. 2021 மார்ச்சில் கட்டாய உழைப்பு நடந்தது என்று முடிவு செய்தது. நிறுவனம், தான் நேரடியாக வாங்காத அந்தத் தரகுப் பணத்தை, 13 கோடி ரிங்கிட்டுக்கும் மேல், தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடை நீங்கியது. கடன்தான் கட்டு என்றால், கடனை அடைப்பதே அவிழ்ப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. வேலைக்கு ஆள் சேர்க்கும் செலவு முழுவதும் முதலாளியுடையது, தொழிலாளியுடையதன்று என்று 2012-ஆம் ஆண்டின் டாக்கா கோட்பாடுகள் சொல்லியிருந்ததும் இதையே.

ஆகவே, அந்த ஐந்தாறு பேர் நிறுவனத்தின் தாள் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. யார் யார் நமக்கு ஆள் தருகிறார்கள், கல் எந்தக் குவாரியிலிருந்து, துகள் எந்த ஆலையிலிருந்து, தெரியாதவை எவை என்ற பட்டியல் அதில் இருக்கட்டும். எத்தனை நாளில் பணம் கொடுக்கிறோம் என்பது இருக்கட்டும். நடுவில் ஒரு வரி இருக்கட்டும்: 'இந்தப் பொருளை ஆக்கியவர் எவரும் இந்த வேலையைப் பெறுவதற்காகப் பணம் கட்டியிருக்கக் கூடாது; கட்டியிருந்தால், அது அவருக்குத் திருப்பித் தரப்படும்; அந்தச் செலவில் எங்கள் பங்கை நாங்கள் ஏற்போம்.' கடைசிப் பகுதியை எழுதத் தயங்குகிறவர், முதல் பகுதியையும் எழுதாமலிருப்பது நேர்மை. லண்டன் புறநகரில் கல் பாவும் தொழில் நடத்துகிற தமிழரும், பொள்ளாச்சியில் கன்டெய்னருக்குப் பித் ஏற்றுகிற தமிழரும் இதைப் படிக்கக்கூடும். உங்களில் ஒருவர் வாங்குபவர், மற்றவர் விற்பவர். அடுத்த கொள்முதல் ஆணையில் அந்த வரியை இருவரில் யார் முதலில் எழுதினாலும் சரி, எழுதிவிடுங்கள்.